கே.ஆர்.புரம் வருவதற்குள்

கோரமண்டல்
21-1-2025

ஷில்பா கண்ணுக்கு,

நன்றாக இருக்கிறாயா? ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா? நீ போய் மூன்று வாரம் ஆகிறது. ரயிலில் உன் ஜன்னலோர இடத்தை யாரோ ஒருத்தியின் டிபன் பை பிடித்துக்கொண்டது. கதை படித்துக் காட்ட ஆளில்லாததால் பங்காரப்பேட்டை வரைக்கும் தூங்குகிறோம். அதற்கப்புறம் ஆளுக்கொரு மருமகளைத் திட்டுகிறோம்.

இந்தக் காகிதத்தைப் பிரித்ததும் சிரித்திருப்பாய். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்து வராது. ஏழாவது வரைக்கும் படித்தது கன்னட ஸ்கூல். அதனால் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுகிறேன். அதையும் நீ இரண்டு வருஷமாகப் படித்துக் காட்டிய கதைகளில் வருகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் என் மகன் உதய் இருக்கிறான், ரயிலில் ஊரே இருக்கிறது. அழாமல் சொல்ல முடியாத விஷயம். உன் ஹாஸ்டலில் சமையலுக்கு வருகிற நம் ஞானசுந்தரியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பரில் ஒரு கதை படித்தாயே, அக்காவுக்கு வந்த டீச்சர் வேலை உத்தரவைத் தங்கை ஒளித்து வைப்பாளே, அந்தக் கதை. அக்கா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் தான் தனியாக மாட்டிக்கொள்வோம் என்று ஒளித்து வைப்பாள். அக்கா கடைசிவரைக்கும் பீடி சுற்றுவாள். இருபது வருஷம் கழித்துத் தங்கை போய் உண்மையைச் சொல்லுவாள். அக்கா, "அது எனக்கு அப்பவே தெரியும்டி, உக்காந்து சாப்பிடு" என்பாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கே.ஆர்.புரத்தில் இறங்கினேன். அன்றைக்குக் கம்பெனியில் பன்னிரண்டு சட்டை செக்கிங்கில் தப்பு விட்டேன்.

எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. பூதிகோட்டையில் என் அக்கா கங்கம்மா இருக்கிறாள், உனக்குத் தெரியும். எங்கள் அம்மா ஜெயம்மா மூன்று வருஷம் என் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தாள். அள்ளிப் போட்டது, துடைத்தது எல்லாம் நான். அக்கா இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வாழைப்பழத்தோடு வருவாள், அம்மா தலையைத் தடவுவாள், எனக்கு நாலு குறை சொல்லிவிட்டுப் போவாள். கடைசியில் டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அதற்கப்புறம் அம்மா இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். நான் அக்காவுக்குப் போன் பண்ணவில்லை. பாடு பட்டது நான், முகம் பார்க்க மட்டும் இவள் வருவாளா என்று ஒரு வெறி. உயிர் போன பிறகு பண்ணினேன். "சட்டென்று போய்விட்டாள்" என்று சொன்னேன். ஒன்பது வருஷமாக அக்கா அதை நம்பினாள்.

பொங்கல் முடிந்து ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். கூடை பாதி ஆனதும் சொன்னேன், கதையில் தங்கை சொன்ன மாதிரியே, தலையைத் தூக்காமல்.

"ரெண்டு நாளா?" என்றாள்.

"ஆமாக்கா."

"சட்டுன்னு பூட்டான்னு சொன்னியே. அதெ சொல்லி சொல்லித்தானே நான் மனசெ தேத்திகினு இருந்தேன்."

அவள் மிச்சக் கூடையையும் உரித்து முடித்தாள். அப்புறம், "எழுந்து போ புஷ்பா" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 16 சோனியாவுக்குக் கல்யாணம். அக்கா மகள். பி.யூ.சி. படித்த இரண்டு வருஷமும் என் வீட்டில் என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை. அவளுக்கு முகூர்த்தப் புடவை கட்டிவிடுவது நான்தான் என்று பேச்சு. இப்போது அதுவும் போய்விடும் போலிருக்கிறது.

நான் எங்கோ தப்பாகச் சொல்லியிருக்கிறேன். கதையில் அந்தத் தங்கை வேறு ஏதாவது சொன்னாளா? முதலில் காலில் விழுந்தாளா? அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கன்னட எழுத்தில் எழுதி அனுப்பு.

புஷ்பவல்லி


பெங்களூரு
23-1-2025

அன்புள்ள புஷ்பாக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் கன்னட எழுத்திலேயே எழுதுகிறேன். ஞானசுந்தரியக்கா சாம்பார் வாளிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு முறை படித்தேன். சாப்பிடப் போகவில்லை.

அக்கா, கதையைக் கேட்டு நீங்கள் பூதிகோட்டைக்குப் போவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கதை என்றால் கதைதானே. எங்கள் வகுப்பில் வாரத்துக்கு ஒரு சிறுகதை படித்து ஒரு பக்கம் எதிர்வினை எழுதச் சொல்கிறார்கள். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் படிக்கிறேன். தனியாகப் படித்தால் தூக்கம் வரும் என்பதால் ரயிலில் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் இவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்திருந்தால்... என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

புத்தகத்தை லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் எனக்கு நினைவிருக்கிறது. கேட்டதால் எழுதுகிறேன்:

"தங்கை சொல்லி முடித்தாள். அக்கா பீடி இலையைக் கீழே வைத்தாள். அது எனக்கு அப்பவே தெரியும்டி என்றாள். தட்டை எடுத்துப் போட்டாள். உக்காந்து சாப்பிடு என்றாள்."

இவ்வளவுதான். அவள் காலில் விழவில்லை. நீங்கள் தப்பாக எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள் அக்கா. உங்கள் அக்காவே கூப்பிடுவார்கள். தயவுசெய்து மறுபடியும் அங்கே போகாதீர்கள்.

அன்புடன்,
ஷில்பா


கோரமண்டல்
3-2-2025

ஷில்பா கண்ணுக்கு,

போகாதே என்றாய், போனேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கொஞ்ச நாள் விடுவதற்கு என்னிடம் நாள் எங்கே இருக்கிறது?

நீ எழுதி அனுப்பிய காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டில் பந்தலுக்கு ஆள் வந்து அளந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே போனாள். பின்னாலேயே போய் அடுப்படியில் நின்றுகொண்டு படித்துக் காட்டினேன். எனக்கு உன்னை மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படிக்க வராது. ஆனாலும் படித்தேன். புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள் அக்கா, பெரிய மனுஷங்க எழுதினது, ஒருத்தி இதைவிடப் பெரிய தப்பு செய்துவிட்டு வருகிறாள், அவளையே அக்காக்காரி உட்கார்ந்து சாப்பிடு என்கிறாள் என்று சொன்னேன்.

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா?

"புக்குல எய்திக்கிறாங்களே, அவளுக்கு வேல உத்தரவு போச்சு. எனுக்கு அம்மா போச்சு. சும்னே கதெ படிச்சி என்னெ ஏமாத்தாதே. கல்யாணத்துக்கு வராதே புஷ்பா. வந்தா நான் மணையில உக்கார மாட்டேன்."

சோனியா கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "சித்தி, நீ இன்னாத்துக்கு இதெ சொன்னே?" என்று அழுதாள். ரயிலில் ஒரு கதை கேட்டேன் என்றா சொல்வேன்?

இதையெல்லாம் உன்மேல் கோபத்தில் எழுதவில்லை. நீ நல்ல மனசோடு படித்தாய். எனக்குத்தான் அந்தத் தங்கை மாதிரி சொல்ல வரவில்லை. செய்த பாவம் அப்படி. கதை எழுதியவருக்கு மனுஷர்களைத் தெரியாமல் இருக்குமா?

புஷ்பவல்லி


பெங்களூரு
6-2-2025

புஷ்பாக்கா,

"நல்ல மனசோடு படித்தாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நேற்றே எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் இனி எப்போதும் வராது.

கதையில் அந்த அக்கா "அப்பவே தெரியும்டி" என்று சொல்லவில்லை. தட்டும் போடவில்லை. அது நான் சொன்னது. புத்தகத்தில் அது இல்லவே இல்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன். பிடித்தால்தான் முதலிலிருந்து படிப்பேன். அதனால் அன்றைக்கும் எனக்கு முடிவு தெரியும். ஒயிட்ஃபீல்டு தாண்டியபோது நீங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றீர்கள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "சீக்கிரம் படிடி, ஸ்டேஷன் வருது, முடிவு தெரியாம எறங்க மாட்டேன்" என்றீர்கள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததை, படிக்கிற மாதிரியே சொன்னேன். இவ்வளவு அழுகையோடு உங்களைக் கம்பெனிக்கு அனுப்ப மனசு வரவில்லை. அதுதான் காரணம் என்று இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு கதைக்கும் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள். இறங்குகிற அவசரத்தில்கூட ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் இறங்குவீர்கள். கே.ஆர்.புரத்திலிருந்து நான் இறங்கும் கன்டோன்மென்ட் போவதற்குள் அதை அப்படியே என் நோட்டில் எழுதிவிடுவேன். என் எதிர்வினை என்று வகுப்பில் கொடுத்ததில் பாதி உங்களுடையது. நீங்கள் சந்தோஷமாக இறங்கினால் நிறையப் பேசுவீர்கள். இதையும் நினைத்துத்தான் அன்றைக்கு முடிவை மாற்றினேன்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். பயந்துபோய் அதே பொய்யைக் கன்னட எழுத்தில் எழுதி அனுப்பினேன். அதை நீங்கள் அடுப்படியில் நின்று படித்திருக்கிறீர்கள்.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. லைப்ரரியில் கொடுத்ததாகச் சொன்னதும் பொய். உண்மையான முடிவு இது:

"ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களோடு பீடி சுற்றிக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று தங்கை காத்திருந்தாள். அடங்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல், வந்த வழியே திரும்பி நடந்தாள்."

இந்த முடிவைப் பற்றி நான் வகுப்பில் என்ன எழுதிக் கொடுத்தேன் தெரியுமா? "சொல்லாமல் திரும்புவதுதான் அவள் அக்காவுக்குச் செய்யும் ஒரே நல்லது" என்று எழுதினேன். பேராசிரியர் பக்கத்தில் "மிக நன்று" என்று போட்டிருந்தார். அங்கே அப்படி எழுதிவிட்டு, உங்களைப் போய்ச் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நான் பூதிகோட்டைக்குப் போய் உங்கள் அக்காவிடம், எல்லாம் என்னால்தான் என்று சொல்கிறேன். நீங்கள் சரி என்றால் இந்த ஞாயிறே போகிறேன்.

ஷில்பா


கோரமண்டல்
10-2-2025

ஷில்பா,

போகாதே. என் வீட்டு விஷயத்தில் இனி நீ ஒரு வாய் வார்த்தை பேச வேண்டாம்.

அந்த ஜன்னல் முடிவை நீ படித்திருந்தால் நான் பங்காரப்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பியிருப்பேன். ஒன்பது வருஷம் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்கு மிச்ச வருஷமும் தூக்கத் தெரியாதா? அக்காவுக்கு அம்மா சட்டென்று போனதாகவே இருந்திருக்கும். சோனியாவுக்கு நான் புடவை கட்டிவிட்டிருப்பேன்.

எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால்தானே? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் எட்டிப் பார்த்தாலும் புரியாது என்கிற தைரியம்தானே? ரயிலில் உன் எதிரில் எட்டுப் பேர் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ சொன்னதெல்லாம் அச்சில் இருக்கிறது என்று நம்பினோம். வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், போடி, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருப்பேன். புத்தகத்தில் இருக்கிறது என்பதால் கேட்கவில்லை.

இன்னும் எத்தனை கதையில் இப்படிச் செய்தாய்?

என் பேச்சை எடுத்து எழுதியதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அது ரயிலோடு போகிற பேச்சு.

புஷ்பவல்லி


பெங்களூரு
19-2-2025

புஷ்பாக்கா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் இன்னொரு பொய்.

நாலு கதை. ஒன்றில் கிணற்றில் விழுந்த ஆடு பிழைக்கவில்லை. ஒன்றில் அந்தக் கண்டக்டர் பொண்டாட்டியிடம் திரும்பி வரவில்லை, நான் வரவழைத்தேன். மூன்றாவதில் கிழவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். நாலாவது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எட்டுப் பேரும் முகம் வாடி இறங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏதோ நல்லது செய்கிறேன் என்று கர்வம்கூட இருந்தது.

உங்களை ஏமாற்ற எழுத்துத் தெரியாததுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்று எழுதத் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். ஆமாம் அக்கா. நீங்கள் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பீர்கள் என்ற பயம் இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தன்று நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தீர்கள் என்று ஞானசுந்தரியக்கா சொன்னார்கள். உதய் மட்டும் போய்விட்டு வந்தானாம். நானும் அன்றைக்கு முழுவதும் கட்டிலை விட்டு எழவில்லை. அதனால் யாருக்கு என்ன பயன்?

பேராசிரியரிடம் போய் அந்த நோட்டில் பாதி என்னுடையது இல்லை என்று சொன்னேன். "பிறர் சொல்வதைக் கேட்பதும் வாசிப்புதான்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்களாவது இன்னும் திட்டி எழுதுங்கள்.

இப்போது கதை எதுவும் படிக்க முடியவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

ஷில்பா


கோரமண்டல்
17-3-2025

ஷில்பாவுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. போடுவதாகவும் இல்லை. நேற்று நடந்ததை எழுத வேறு ஆள் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று மதியம் அக்கா வந்தாள். தனியாக, பஸ்ஸில். கையில் பை எதுவும் இல்லை. உதய் வெளியே போயிருந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அம்மா கிடந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னெ மன்னிக்க வரல. அந்த ரெண்டு நாளும் சொல்லு. நீதான் பாத்தே. வேற யார கேக்கறது? ஒண்ணு விடாம சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதல் நாள் காலையில் கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டியது. புளித்த மோர் கேட்டது, இரண்டு ஸ்பூன் குடித்தது. குழாயில் தண்ணீர் வந்ததா, பிடித்தாயா என்று கேட்டது. தலை வாரிவிடச் சொன்னது, நான் வாரியபோது சிக்கை இழுத்துவிட்டேன் என்று திட்டியது. அக்கா ஒவ்வொன்றுக்கும், அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தலை சிக்கு என்றதும் சிரித்துவிட்டாள். "அவளுக்கு அப்பவும் வாய் அடங்கல பாரு" என்றாள். ஒன்பது வருஷத்தில் அம்மாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது நாளுக்கு வந்தேன்.

"என்னெ கேட்டாளா?" என்றாள் அக்கா.

ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, ஷில்பா. அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். "இல்லக்கா. ரெண்டாவது நாளு நெனவே இல்ல. தூங்கினாப்பல இருந்தா, அப்டியே பூட்டா" என்று சொன்னேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்தாள். "அது போதும்டி. நான் வருவேன் வருவேன்னு பாத்துகினு இருந்திருப்பாளோன்னு தான் எனுக்கு ரெண்டு மாசமா சோறு எறங்கல" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகு நேரம் அழுதாள். போகும்போது, சோனியாவும் மாப்பிள்ளையும் அடுத்த வாரம் வருகிறார்கள், நீயும் வா என்றாள்.

உன்னைத் திட்டி எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அப்படித் திட்டுகிற வாய் என்னிடம் இப்போது இல்லை. எந்த நேரத்தில் உனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியது என்று நேற்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. நான் செய்ததும் சரி இல்லை. அக்கா என்னை நம்பிக் கேட்டாள், அம்மாவின் கடைசி நாளை அவள் பார்க்க என்னை விட்டால் வேறு வழி கிடையாது. அதிலும் நான் கையை வைத்துவிட்டேன்.

இதை நான் இனி அக்காவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தருக்காவது உள்ளபடி தெரிந்திருக்க வேண்டும். அதனால் உனக்குச் சொல்கிறேன்.

அம்மா கேட்டாள். இரண்டாவது நாள் முழுக்க நல்ல நினைவோடுதான் இருந்தாள். காலையில் ஒரு தடவை கேட்டாள், நான் கேட்காத மாதிரி துணி மடித்தேன். மத்தியானம் கேட்டாள். நாலு மணிக்கு மறுபடியும், "கங்காவுக்கு சொன்னியா? வராளா?" என்றாள்.

"வந்துகினே இருக்காம்மா, பஸ்ஸு ஏறிட்டா" என்று நான் சொன்னேன்.

அம்மா சரி என்று தலையை ஆட்டினாள். வாசல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாள். திருப்பிவிட்டேன்.

புஷ்பவல்லி